விருப்பமுள்ளவர்கள் மட்டும்

"ஒரு ஆள் கூடவா வரலை?" ஜீப்புக்குள் உட்கார்ந்தபடியே கேட்டார் ஞானசீலன்.

"ஒரு நாய் வந்துச்சுங்க சார். மைக் சத்தம் கேட்டு அதுவும் திரும்பிப் போயிருச்சு," என்றான் டிரைவர் ஒச்சப்பன்.

அரவேணுப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு எதிரே ஜீப் நின்றிருந்தது. எழுபத்து நாலாம் வருஷம், ஒரு திங்கட்கிழமை. ஐஸ் பெட்டிக்குள் நானூறு பேருக்கான காலரா ஊசி மருந்து இருந்தது. பக்கத்தில் நர்ஸ் மெட்டில்டா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். காலையில் ஆரம்பித்த கை முழங்கை வரை வந்துவிட்டது. லயத்தில் இருந்ததெல்லாம் சிலோன் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள். வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

ஞானசீலன் லேசுப்பட்ட ஆள் இல்லை. சுகாதாரத் துறையின் மாவட்ட மக்கள் தொடர்புத் தலைமை அலுவலர். நீலகிரிக்கு அப்படியொரு பதவி வந்ததே அப்போதுதான். பெயர்ப்பலகை கதவைவிட நீளம். 'தலைமை' வரை கதவில் இருக்கும், 'அலுவலர்' சுவருக்குப் போய்விடும். இருபது வருஷம் குன்னூர்ச் சாக்கடைகளை ஆய்வு செய்தே தலை நரைத்தவர் அவர். அந்தப் பலகையைக் காலையில் ஒருதரம் துடைக்காவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், இருபது வருஷம் சாக்கடை பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

ஆனால் பதவி தற்காலிகம். வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து சுகாதாரத் துறை டைரக்டர் வருகிறார். முகாமில் கூட்டம் இருந்தால் பதவி நிரந்தரம். இல்லையென்றால் பலகையைக் கழற்றிவிட்டுப் பழையபடி குன்னூர்ச் சாக்கடை. அதற்குள் மனைவி ஜெஸிந்தா ஊட்டிக் குவார்ட்டர்ஸின் ஆறு ஜன்னலுக்கும் திரை தைத்து மாட்டிவிட்டாள்.

இறங்கிப்போய் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். கொழுந்து பறிக்கும் காத்தாயி கதவைப் பாதி திறந்தாள்.

"ஏம்மா, ஊசி போட்டுக்க வரலியா?"

"எதுக்குங்க தொரை? அங்க ஒருதரம் போட்டாங்க. ஊசி போட்ட மூணாம் நாளு கப்பல்ல ஏத்திட்டாங்க," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞானசீலனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பயம். பயத்துக்கு அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது, சினிமா.

மறுநாள் மத்தியானம் ஃபேக்டரியின் மேல்மாடியில், பச்சை இலையை வாடப்போடும் இடத்தில், ஜன்னல்களுக்குச் சாக்கு கட்டி இருட்டாக்கினார்கள். அந்த நாளில் சுகாதாரப் படம் என்றாலும் படம் படம்தான். லயமே திரண்டு வந்தது. வாடுகிற இலையின் வாசனையும் புரொஜெக்டரின் கிர்ர் சத்தமும் சேர்ந்த அந்த இருட்டை, பார்த்தவர்கள் யாரும் இன்றுவரை மறக்கவில்லை.

ஃபிலிம் பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, ஏதோ துறைமுகத்துக்குப் போகவேண்டிய ரீல் மலையேறி வந்துவிட்டது என்று. கப்பல் பயணிகளுக்கு ஊசி போடுகிற படம். போதாக்குறைக்குச் சத்தமும் வரவில்லை.

தலைமை அலுவலர் அசரவில்லை. மைக்கைக் கையில் எடுத்தார். "பாருங்க, ஊசி போட்டுக்கிட்டவங்க எவ்வளவு சந்தோஷமாக் கப்பல்ல ஏர்றாங்க! கையாட்டிக்கிட்டே போறாங்க பாருங்க! ஊசி போடாதவங்களை ஏத்தவே மாட்டாங்க!"

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வீரையா கூட்டத்திலிருந்து எழுந்து, "தொரை, அந்தக் கப்பல இன்னொருக்காக் காட்டுவீங்களா?" என்றார்.

மூன்று தடவை காட்டினார். மூன்றாவது தடவை பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினார்கள்.

எஸ்டேட் கிளார்க் சில்வஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "கெடுத்தீங்களே சார்! கப்பல்ல வந்து நொந்துபோன சனத்துக்கிட்ட கப்பலைக் காட்டலாமுங்களா? மறுக்கா எங்கியோ தொரத்தப் போறாங்கன்னு அழுவுறாங்க."

அன்று ஞானசீலனுக்குச் சோறு இறங்கவில்லை. ஜெஸிந்தா திரைச்சீலைகளை எண்ணுவது போல ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

புதன்கிழமை காலையில் ஒரு யோசனை பிறந்தது. நோட்டீஸ். டைப்பிஸ்ட் அம்சவேணியை உட்காரவைத்து அவரே சொன்னார்: "யாரையும் எங்கும் கட்டாயப்படுத்தி அனுப்ப மாட்டோம். விருப்பமுள்ளவர்கள் மட்டும் வெள்ளிக்கிழமை காலை ஊசி போட்டுக்கொள்ள ஃபேக்டரி மைதானத்துக்கு வரவும். குடும்பத்தில் ஒருவர் விடாமல், குடும்ப அட்டையுடன் வரவும்."

அம்சவேணி டைப்பை நிறுத்தினாள். "கட்டாயம்னு போட்டாலே வரமாட்டாங்க. விருப்பம் இருந்தா வாங்கன்னா எவனுங்க சார் வருவான்?"

"அதுக்குப் பேர்தான் மக்கள் தொடர்பு," என்றார் ஞானசீலன்.

வியாழக்கிழமை சில்வஸ்டர் போன் பண்ணினார். "சார், நோட்டீஸ்ல என்னத்தைங்க எழுதுனீங்க? லயத்துல கோழியைப் பாதி வெலைக்கு விக்கறாங்க! கருப்பம்மா ஆட்டையே வித்துப்போட்டா. சட்டி பானையெல்லாம் துணியில கட்டி வெச்சிருக்காங்க."

"ஐயோ! ஊசிக்குப் பயந்து ஊரையே காலி பண்றாங்களா?"

"அப்படித்தானுங்க தெரியுது. நானும் ரெண்டு கோழி வாங்கிட்டனுங்க. நல்ல சாதி."

டைரக்டர் வரும்போது நாய் கூட மிஞ்சாது போலிருந்தது. வெள்ளிக்கிழமை விடியும் முன்பே ஒச்சப்பனைப் பஸ் ஸ்டாப்புக்கு அனுப்பினார். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஒருத்தரையும் ஏறவிடக் கூடாது என்பது உத்தரவு.

எட்டு மணிக்கு ஒச்சப்பன் திரும்பி வந்தான். "நாலு குடும்பம் மூட்டை முடிச்சோட நின்னுச்சுங்க சார். 'பஸ்ஸெல்லாம் வேண்டாம், எல்லாம் ஃபேக்டரி மைதானத்துலதான், அங்க போங்க'ன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டாங்க."

"சிரிச்சாங்களா?"

"கும்புட்டுட்டு வேற போனாங்க."

ஞானசீலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டைரக்டரை ஏற்றிக்கொண்டு பத்து மணிக்கு மைதானத்துக்குள் ஜீப் திரும்பியபோது கண்ணை மூடிக்கொண்டார். டைரக்டர் "அடேயப்பா!" என்ற பிறகுதான் திறந்தார்.

லயம் முழுக்க அங்கே நின்றது. வீட்டு வரிசைப்படி, குடும்பம் குடும்பமாக, ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர். முகாம் முகாமாக வரிசையில் நின்று பழகிய சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பெண்கள் கல்யாணப் புடவையில் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு எண்ணெய் வழிய வகிடு எடுத்திருந்தது. அன்றைக்கு அந்த மைதானத்தில் அழுத பிள்ளை ஒன்றுகூட இல்லை. மெட்டில்டா ஊசியை எடுக்கும் முன்பே அடுத்த கை நீண்டது. ஸ்வெட்டரைத் தொட அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

"அது என்ன, அத்தனை மூட்டை?" என்றார் டைரக்டர்.

"மலைக்குளிருங்க சார். கம்பளி," என்றார் ஞானசீலன், யோசிக்காமல்.

ஒரு மணிக்கு எல்லாருக்கும் போட்டு முடிந்தது. முந்நூற்றுத் தொண்ணூற்று எட்டுப் பேர். டைரக்டர் ஞானசீலனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல ஊசிக்கு இப்படி ஆசையா வந்த சனத்தை நான் பார்த்ததில்லை. உங்க பதவி இன்னையிலேருந்து நிரந்தரம். என்ன சொல்லி இவங்களை வரவழைச்சீங்க?"

"விருப்பமுள்ளவங்க மட்டும் வாங்கன்னு சொன்னேன் சார்."

டைரக்டர் அதை டைரியில் எழுதி, அடிக்கோடும் போட்டுக்கொண்டார்.

ஞானசீலனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊட்டிக் குவார்ட்டர்ஸின் ஆறு ஜன்னலும் ஆறு திரையும் மனசுக்குள் அசைந்தன. பலகையைப் பித்தளையில் மாற்றிவிடலாமா என்று யோசித்தார்.

அப்போது காத்தாயி வரிசையை விட்டு முன்னால் வந்தாள். நீலப் பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, ஊசி போட்ட இடத்தில் பஞ்சு. குடும்ப அட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். திங்கட்கிழமை கதவைச் சாத்தியவளா இவள் என்று தோன்றும்படி முகமெல்லாம் சிரிப்பு. அவளுக்குப் பின்னால் வீரையா மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"எங்க லயத்துல அம்புட்டுப் பேருக்கும் ஊசி போட்டாச்சுங்க தொரை," என்றாள் காத்தாயி. "ஊருக்குத் திரும்பிப் போற கப்பல் எத்தன மணிக்குங்க?"