பானு கன்னத்தில் வெள்ளி

காதுகுத்துக்குக் காரியாபட்டியிலிருந்து வந்த பெரியம்மா பொன்னுத்தங்கம், சாப்பிட்டு வெற்றிலையும் போட்டு முடித்துக் கிளம்பும்போது ஒரு வார்த்தையை வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போனாள்.

"புள்ள லட்சணமாத்தான் இருக்கா அய்யாதுரை. ஆனா கருப்பு. இவளைக் கட்டிக்குடுக்க நகை ரெண்டு பங்கு வேணும்லே."

பிள்ளை பானுப்பிரியாவுக்கு அப்போது ஒன்றரை வயது. மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்துபோய், குத்தின காதைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு இன்னும் இருபது வருஷம் கிடந்தது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் தெருமுனைக்கு வந்துவிட்ட மாதிரி அவள் அப்பன் அய்யாதுரை பதறினான். அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தான். பெண்டாட்டியைக் கேட்காமல் அவன் எடுத்த முதல் முடிவு. அதனால்தான் அது அவ்வளவு மோசமாக இருந்தது.

அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவனுக்கு பேக்கிங் வேலை. அதை விட்டுவிட்டு மருந்து ரூமுக்கு மாறிவிடுவது என்று முடிவு செய்தான். வெடிமருந்து கலக்குகிறவனுக்குச் சம்பளம் அதிகம். ஏன் அதிகம் என்று அந்தப் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

அவன் மனைவி செல்வலட்சுமிக்கு நன்றாகவே தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் வேறொரு கம்பெனியில் திரி வெட்டியவள். ஒருநாள் காலையில் சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்து பார்த்தால், எதிரே இருந்த மருந்து ரூமைக் காணோம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவள் அய்யாதுரையிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"மருந்து ரூமுக்குப் போவீகளா?"

"மாட்டேன்" என்றான். அப்புறம்தான் அவள் சம்மதம் சொன்னாள்.

ஆகவே அவளுக்குத் தெரியக்கூடாது.

போர்மேன் ஊர்க்காவலன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே, பக்கத்துல பலூன் வெடிச்சாலே நீ கட்டிலுக்கு அடியில போற ஆளு."

"புள்ளைக்காகண்ணே."

மருந்து வேலை வெயில் ஏறுவதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். "தீவாளி ஆர்டர், லோடு சீக்கிரமே போகுது" என்று வீட்டில் சொல்லிவிட்டு விடிய ஐந்துக்கே கிளம்பினான். மருந்து ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருந்தார்கள். உள்ளே போகுமுன் உள்ளங்கையை அதில் அழுத்த வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்டு மண்ணுக்குள் இறங்கிவிடும். இல்லையென்றால் ஒரு பொறி போதும். மற்றவர்கள் ஒரு தடவை தொட்டார்கள். அய்யாதுரை மூன்று தடவை தொட்டான். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினான். மருந்து சலிக்கிற சல்லடையை, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி கீழே வைத்தான். வேலை முடிந்து சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் இறங்கும்.

அதுவும் பாதிப் பயம்தான். மீதிப் பாதி வீட்டில் இருந்தது. மருந்து வெடித்தால் ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். செல்வலட்சுமி அப்படிச் சீக்கிரம் முடிக்கிறவள் இல்லை.

மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பவுடர் உடம்பெல்லாம் வெள்ளியாய் அப்பிக்கொள்ளும். தேங்காயெண்ணெய் தடவி, சீயக்காய் போட்டு, தோல் உரியக் குளிப்பான். பேக்கிங் விடுகிற நேரம் வரைக்கும் புளியமரத்தடியில் படுத்துக் கிடப்பான். பிறகு ஓய்ந்துபோன முகத்தோடு வீட்டுக்கு வருவான். ஒருநாள் சாத்தூருக்குப் போய்க் குங்குமப்பூ டப்பா ஒன்றும் வாங்கிவந்தான்.

"பால்ல போட்டுக் குடு செல்வி. நெறம் வரும்."

"நெறம் என்னத்துக்கு? நீங்களும் நானும் என்ன வெள்ளைக்காரகளா?"

இரண்டு நாள் கழித்து அவசரத்தில் குளித்தான். காதுக்குப் பின்னால் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பானு ஓடிவந்து அப்பன் தோளில் ஏறி, காதைப் பிடித்து இழுத்து, கன்னத்தோடு கன்னம் வைத்து உரசினாள். இறக்கிவிட்டதும் செல்வலட்சுமி பிள்ளையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"என்னங்க, புள்ள கன்னம் மின்னுது?"

அய்யாதுரை குங்குமப்பூ டப்பாவைக் காட்டினான். "குங்குமப்பூ வேலை செய்யுது."

"ஒரு கன்னத்துல மட்டும் செய்யுது."

"மறு கன்னத்துக்கு நாளைக்கு வரும்."

"அப்படியா" என்றாள். அவ்வளவுதான். அவள் கத்தியிருந்தால் அவன் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன், நிலையில் கால் வைக்குமுன் இரும்புக் கேட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு உள்ளே வந்தான். அவன் செய்தது அவனுக்கே தெரியாது. செல்வலட்சுமி வாசலுக்கு நேரே உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நானும் வேலைக்குப் போறேங்க" என்றாள், சோற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒங்க கம்பெனிக்கே. போர்மேன் அண்ணனைப் பாத்துச் சொல்லிட்டேன். பானுவ எதுத்த வீட்டு ராக்காயி அக்கா பாத்துக்கிடும்."

"நல்லதுதான. என்ன வேலை?"

"மருந்து ரூம்ல சலிக்கிற வேலை."

அய்யாதுரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அங்கன பொம்பளைக போகக்கூடாது செல்வி."

"சம்பளம் அதிகமாமே. புள்ள கருப்பு. நகை ரெண்டு பங்கு வேணும்ல?"

"அங்கன என்ன நடக்கும்னு ஒனக்குத் தெரியுமா? சல்லடை லேசா உரசுனாப் போதும். மூச்சு விடக்கூடப் பயமா இருக்கும். காலு ரெண்டும் தன்னால நடுங்கும். இன்னைக்கு வீட்டுக்குப் போவமா, புள்ள முகத்தப் பாப்பமானு ஒவ்வொரு கை மருந்துக்கும் நெனப்பு வரும்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லிக்கிட்டாக."

"நகை?"

"நகை கெடக்கு கழுத. ஆளே இல்லாமப் போயிட்டா, நகையப் போட்டு அழகு பாக்க யாரு இருக்கா?" துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அது நடிப்பு இல்லை.

செல்வலட்சுமி கையைக் கழுவிவிட்டு வந்து பிள்ளையை அவன் முன்னால் உட்கார வைத்தாள். "அப்போ இவ தலையில கைய வச்சுச் சொல்லுங்க. இந்த வீட்டு ஆளு யாரும் மருந்து ரூம்ல கால் வைக்க மாட்டோம்னு."

பெண்டாட்டியைத் தடுத்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் கையை வைத்து, சொன்னதை அப்படியே சொன்னான். யாரும் என்றால் யார் யார் என்று அவனுக்கு உறைப்பதற்குள் கை தலையிலிருந்து இறங்கியிருந்தது.

"சரி" என்றாள். "திங்கக்கெழமையில இருந்து ஒங்களுக்கு பேக்கிங். அதையும் போர்மேன் அண்ணன்ட்ட சொல்லிட்டேன்."

அய்யாதுரை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எப்படிக் கண்டுபிடிச்ச?"

"இரும்புக் கேட்டைத் தொட்டுக் கும்பிட்டுக்கிட்டு வாரீகளே, எந்தக் கோயில்ல பழகுனீக? அதுக்கு முந்தியே எம்மக காட்டிக்குடுத்துட்டா." பிள்ளையின் கன்னத்தைத் துடைத்தாள். "வெளுத்த புள்ளையா இருந்தா அந்த மினுக்கம் தெரிஞ்சிருக்காதுங்க. கருப்பா இருக்கவும்தான் கண்ணுல பட்டுச்சு. ஒங்க பெரியம்மாட்டச் சொல்லுங்க, இவ பொறந்த நெறத்துலதான் அப்பன் உசுரு இருக்குன்னு."

அன்றைக்கு அவன் ஒரு மாசத்துத் தூக்கத்தைச் சேர்த்துத் தூங்கினான்.

திங்கட்கிழமை பேக்கிங் ஷெட்டுக்குப் போகும்போது உடம்பு பஞ்சாய் இருந்தது. இங்கே மருந்து நெடி இல்லை, சல்லடை இல்லை, பயம் இல்லை. வாசலில் ஊர்க்காவலன் நின்றார்.

"சீசன் பாரு, புதுசா ஒரு ஆளப் போட்டிருக்கேன். நீ அடுக்குற பெட்டியெல்லாம் அவுகதான் பிரிச்சு செக் பண்ணுவாக. நல்ல கறாரு. எங்கிட்ட வேலை கேட்டு வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

அய்யாதுரை உள்ளே எட்டிப் பார்த்தான். மேசைக்குப் பின்னால், அளவுகோலும் கையுமாக, செல்வலட்சுமி.

பேக்கிங் ஷெட்டில் செம்புத் தகடு கிடையாது. பக்கத்தில் இருந்த தண்ணீர்க்குழாயை மூன்று தடவை தொட்டுவிட்டு அவன் உள்ளே போனான்.