கார்களை எண்ணிய மனுஷர்

"எத்தனை கார்?" என்று வீட்டிலிருந்து போனில் கேட்டாள் மனைவி நோரீன்.

"ஒன்பது. நேத்து ஆறுதான்."

பாஸ்டனுக்குப் பக்கத்தில் வால்தம் என்ற ஊரில், நரம்பு நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஒரு சின்னக் கம்பெனியின் வாசலில், காருக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தார் லியோ ஃபர்டாடோ. முப்பது வருஷம் பாஸ்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், சொந்த நிழலைக்கூட நம்பாதவர். பதினோரு டாலருக்கு விற்ற கம்பெனிப் பங்கு நாற்பது சென்ட்டுக்கு வந்திருந்தது. மருந்து தேறினால் கொள்ளை லாபம், கம்பெனி மூழ்கினால் போட்டதெல்லாம் போச்சு. அறிக்கையில் என்ன வேண்டுமானாலும் எழுதுவான்கள், கார் பொய் சொல்லுமா என்பது அவர் கட்சி. ஆள் வேலைக்கு வந்தால் கம்பெனி உயிரோடு இருக்கிறது.

"நீ ஷேர்ல போடப் பாக்கறது கூரைக்கு வெச்ச பணம், லியோ. நேத்து மழை என் தலகாணி மேலயே ஒழுகுச்சு."

"அதனாலதான் இவ்வளவு சந்தேகப்படறேன்."

மதிய நேரம். பக்கத்துக் காரில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த பெண் அவரையே முறைத்தாள். பிறகு கண்ணாடியை இறக்கினாள்.

"இங்கயா வேலை பாக்கறீங்க?"

மாட்டிக்கொண்டோம் என்று பதறினார் லியோ. "ஆமா. லேப்ல."

"எலிங்க எப்படி இருக்கு?"

சோதிக்கிறாள், சந்தேகமே இல்லை. "ஜம்முனு ஓடுதுங்க" என்று வாய்க்கு வந்ததை உளறினார்.

அவள் அவசரமாகப் போனை எடுத்தாள். போலீஸைத்தான் கூப்பிடுகிறாள் என்று பயந்து வண்டியைக் கிளப்பி வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலையில் பங்கு எழுபது சென்ட்.

"உள்ள இருக்கறவனுங்களுக்கு என்னவோ தெரிஞ்சிருக்கு, நோரீன். நம்மகிட்ட மறைக்கறானுங்க."

"அப்ப விட்டுத் தொலை."

விடவில்லை. மறுபடி ஓடினார். முப்பத்தொரு கார், நிறுத்த இடமே இல்லை. அவர் ஒரு மூலையில் செருகி நிறுத்துவதற்குள் பங்கு தொண்ணூறைத் தொட்டுவிட்டது. இனியும் யோசித்தால் நம்மைப் போல முட்டாள் கிடையாது என்று, கூரைப் பணம் பதினெட்டாயிரம் டாலரையும் போனிலேயே போட்டு வாங்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை முழுசாக நம்பியது சுகமாகத்தான் இருந்தது.

கட்டடக் காவலர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"வண்டிய எடுங்க சார்."

"ஏன், கம்பெனி ஆளுங்க வண்டியெல்லாம் நிக்குதே?"

"கம்பெனி காலி பண்ணிட்டுப் போயி மூணு மாசமாச்சு சார். இதெல்லாம் உங்கள மாதிரி வேவு பாக்க வந்த ஷேர்காரங்க வண்டி. நேத்து எவனோ லேப் ஆளு எலியெல்லாம் ஜம்முனு ஓடுதுன்னு சொன்னானாம், அதான் இன்னிக்கு இந்தக் கூட்டம்."