பாரபட்சமில்லாத பாட்டில்

புள்ளியியல் துறை கணக்கெடுப்பில் பாரபட்சத்தை அடியோடு ஒழிக்க முடிவெடுத்த ஆண்டில், அதற்குரிய கருவியாக ஒரு காலி சோடா பாட்டில் அங்கீகரிக்கப்பட்டது. ஊர் நடுவில் அதைப் படுக்கவைத்துச் சுழற்ற வேண்டும். கழுத்து எந்த வீட்டைக் காட்டுகிறதோ, அந்த ஒரு வீடே மொத்த ஊருக்காகவும் பேசும்.

எலுபியின் ஊரில் கைப்பம்பு பழுதாகி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. பெண்கள் வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு குன்று தாண்டி ஓடைக்குப் போனார்கள். 'தண்ணீர் இல்லை' என்று கணக்கெடுப்பில் பதிவானால் புதுப் பம்பு வரும். அதிகாரி கன்யேண்டா முந்தின நாளே வந்து, அத்திமரத்தடியில் சாம்பலால் வட்டம் போட்டு, விதியை விளக்கிவிட்டுப் போனார்.

எலுபிக்கு ஊர்மேல் நம்பிக்கை உண்டு. தன் வாய்மேல் அதைவிட அதிகம். பக்கத்து வீட்டு டோரிகாவைக் கேட்டால் புருஷனைப் பற்றியே புலம்புவாள், தண்ணீர் ஞாபகமே வராது. எனவே விடியுமுன் இருட்டோடு போய், வட்டத்துக்குள் தன் வீட்டுப் பக்கத்து மண்ணை மண்வெட்டியால் கொஞ்சம் வழித்துவிட்டு வந்தாள். எதுவும் பள்ளத்தைப் பார்த்துத்தானே சரியும்?

காலையில் பாட்டில் சுழன்றது, தள்ளாடியது, நின்றது. கழுத்து எம்.பி.யின் மாளிகையைக் காட்டியது. எம்.பி. இருப்பது தலைநகரில். மாளிகையில் இருப்பவை ஒரு மோட்டார், ஒரு தொட்டி, ஒரு காவல்காரர்.

"தண்ணியால கஷ்டம் உண்டா?" என்று கன்யேண்டா காவல்காரரைக் கேட்டார்.

"இல்லாம என்ன சார்? ராத்திரியெல்லாம் தொட்டி வழியுது. சத்தத்துல தூக்கமே இல்ல."

'தண்ணீர் மிகுதியால் அவதி' என்று கன்யேண்டா எழுதினார்.

எலுபி குறுக்கே வந்து நின்றாள். "சார், என் வீட்டுக்கு வாங்க. காலி வாளியைக் கண்ணால பாருங்க."

"பாத்துட்டேம்மா. அதான் சிக்கலே. பாத்துட்டுத் தேர்ந்தெடுத்தா பாரபட்சம்."

"அப்ப இன்னொரு தரம் சுத்துங்க!"

"நமக்குப் பிடிச்ச விடை வர்ற வரைக்கும் சுத்துறதுக்குப் பேரு தேர்தல். இது விஞ்ஞானம்."

பேசிப் பேசித் தொண்டை வறண்டவர், எலுபியிடமே ஒரு குவளை ஓடைத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். குவளை தேர்வாகாததால் அது கணக்கில் சேரவில்லை.

ஜீப் போனபின் எலுபி வட்டத்தருகே குனிந்தாள். அவள் வழித்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வழிப்பு. அதற்கடுத்து இன்னொன்று. எம்.பி. வீட்டுப் பக்கம் மட்டும் மண்வெட்டி படாமல் மேடாக நின்றது. பாட்டிலின் கனத்த அடி பள்ளத்தில் உட்கார, இலேசான கழுத்து மேட்டைப் பார்த்திருக்கிறது.

"டோரிகா, உன் மண்வெட்டியில என்னடி புது மண்ணு?"

"உன்னோடதுல இருக்கே, அதே மண்ணுதான்."

ஊர்த்தலைவர் தன் மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டு இருமினார். பிறகு பெண்கள் வாளிகளை எடுத்துக்கொண்டு ஓடைக்குக் கிளம்பினார்கள்.

கன்யேண்டாவின் அறிக்கை இப்படி முடிந்தது: 'இக்கிராமத்தார் அனைவரும் ஒருமனதாக ஒத்துழைத்தனர்.' அதில் உண்மையான வரி அது ஒன்றுதான்.