கட்டத்தாரும் ஒரு சாய்ந்த வீடும்

கோடு போட்டுப் பிழைத்தவர்கள் உலகத்தில் பலர் இருக்கலாம். கோட்டுக்காக மூச்சையே நிறுத்தியவர் எங்கள் கட்டத்தார் ஒருவர்தான்.

சண்டைக்காலத்தில் வாழைச்சேனையில் நான் சமூகக்கல்வி படிப்பித்த டியூட்டரியில் அவர்தான் படியெடுக்கும் ரோணியோ மெசின்காரர். கணக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வேண்டிய வரைபுத்தாள் கடைகளில் இல்லாமல் போயிருந்தது. வரைபு கீறிப் பழகாமல் ஓ.எல். சோதனைக்கு எப்படிப் போவது? கட்டத்தார் மெழுகு பூசிய ஸ்டென்சிலில் ஊசிப் பேனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மை தடவி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கட்டத்தாள் அடித்துத் தருவார். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஸ்டென்சில் கீறும் நாளில் டியூட்டரிக்கு ஊரடங்கு. "கதவைத் துறக்காதீங்க, காத்து வரும்! சாத்தாதீங்க, அதாலயும் காத்து வரும்!" கதவை என்னதான் செய்வது என்று கேட்கவும் முடியாது, பேச்சிலும் காற்று வரும். தன் மூச்சையும் அடக்கிக்கொண்டுதான் கீறுவார். கோடுகள் வெட்டும் இடத்தில் ஊசி இரண்டு தரம் பட்டால் ஸ்டென்சில் கிழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு சந்தியிலும் ஊசியைத் தூக்கிக் கடப்பார். அடித்த தாளில் சந்தியெல்லாம் பொட்டளவு வெள்ளையாக இருக்கும்.

"என்ன இது, முழுக்க ஓட்டை?" என்றேன் ஒருநாள்.

"புள்ளி வந்து குந்துறதுக்கு இடம் விடோணுமா இல்லையா மாஸ்டர்?"

வெளியிலும் கட்டம்தான். வழி கேட்டவர்களிடம், "சந்தியில இருந்து கிழக்கால மூணு லைட் போஸ்ட், வடக்கால ரெண்டு" என்பார். பாதிப் போஸ்ட்டுகள் சண்டையில் விழுந்துவிட்டன. எண்ணிப் போனவர்கள் ஆற்றங்கரையில் போய் நின்றார்கள். "போஸ்ட் விழுந்ததுக்கு நான் என்ன செய்ய?" என்று நம்மிடமே சண்டைக்கு வருவார்.

மனிதர் தனியாள். மனைவியும் ஒன்பது வயது மகளும் படகேறி இந்தியாவில் அகதி முகாமுக்குப் போயிருந்தார்கள். பின்னால் வருகிறேன் என்றவருக்குப் பாதை அடைபட்டுவிட்டது. மாதாமாதம் மகளுக்கு ஒரு வெற்றுக் கட்டத்தாள் அனுப்புவார். அவள் அதில் படம் கீறித் தன்னிடம் வைத்துக்கொண்டு, அதன் மூலைகள் கிடையாக எத்தனையாம் கட்டம், நிலையாக எத்தனையாம் கட்டம் என்ற எண்களை மட்டும் எழுதி அனுப்புவாள். இவர் தன் தாளில் புள்ளி வைத்து இணைத்தால் ஒரு மாதம் ஆடு வரும், ஒரு மாதம் குடை வரும். சுவர் முழுக்க அவைதான். பிறகு ஏழு மாதம் கடிதமே இல்லை. தினமும் தபாற்கந்தோருக்குப் போய் வெறுங்கையோடு திரும்பும் அவரிடம் பகிடி விட எங்களுக்கு வாய் வரவில்லை.

எட்டாம் மாதம் கடிதம் வந்தது. அன்று நானும் கூடப் போயிருந்தேன். அறைக்குப் போய்த்தான் உடைப்பேன் என்று பையில் வைத்தார். வழியில் சென்றிக் காவலரணில் ஆமிக்காரர் அதை உடைத்துவிட்டார். உள்ளே சோடி சோடியாக எண்கள் மட்டும்.

"இது என்ன? ரகசியமா?" என்றார் அரைகுறைத் தமிழில்.

"எண்ட மகள் கீறின படம், ஐயா."

"என்ன படம்?"

"கீறினாத்தான் தெரியும்."

துப்பாக்கி மாதிரி ஏதும் வந்துவிட்டால் இரண்டு பேர் பாடும் அதோகதி. கட்டத்தார் றோட்டிலேயே குந்தி, பையிலிருந்து தாளை எடுத்துப் புள்ளி வைக்கத் தொடங்கினார். பின்னால் நின்ற சனமெல்லாம் எட்டிப் பார்த்தது. மீன்கூடைக்காரி "வள்ளம் போலக் கிடக்கு" என்றாள். கோடுகள் இணைந்தன. கிழக்கே கூர் நீட்டிய தடித்த அம்பு! ஆமிக்காரரின் முகம் மாறியது.

கட்டத்தாரின் முகமும் மாறியது, கோபத்தில். "எத்தினை தரம் சொன்னனான்! முதல்ல கிடை, மறுகா நிலை! கழுதை, எல்லாத்தையும் மாத்தி எழுதியிரிக்காள்!"

தாளைப் பிடித்துத் திருப்பினார். அம்பு எழுந்து நின்றது. கூரை, கீழே சுவர், நடுவில் ஒரு கதவு. வீடு.

ஆமிக்காரர் சிரித்துவிட்டார். "போங்க, போங்க" என்றார். கட்டத்தார் எழும்பவில்லை. மகளை ஏசிக்கொண்டே அழுதார்.

அறைக்கு வந்ததும் படத்தைச் சாய்ந்தபடியே சுவரில் ஒட்டினார்.

"நேரா ஒட்டலாமே?" என்றேன்.

"வேணாம் மாஸ்டர். அவள் கட்டினபடியே இரிக்கட்டும். நான் தலையைச் சாய்ச்சாப் போச்சு."

தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்தேன். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது, கழுத்து நோகத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.