மறைந்த சித்தரும் மறைந்த கழுதையும்

வெள்ளைக்காரன் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. தூத்துக்குடி கடற்கரையில் கப்பலை வேடிக்கை பார்க்கக்கூட ஆளில்லை. எல்லோரும் மறைசித்தரைப் பார்க்கப் போய்விட்டார்கள். பார்க்க என்பதுகூடத் தப்பு. பார்க்காமல் இருக்கப் போனார்கள்.

சித்தரின் பழைய பெயர் வெள்ளத்துரை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், மந்திரம் போட்டுச் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி வயிறு வளர்த்தவர். குளிப்பு நின்று இருபது வருடமாகிறது. மனுஷர் சும்மா இருப்பாரா? மனிதர்கள் பக்கம் வந்தார்.

அவரிடம் வந்து சிக்கியவன் பிலோமியின் புருஷன் இனிகோ. தோணி ஓட்டும் தண்டல். சில மாதங்களாகத் தலைவலி. குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பான். குடித்ததை வெளியே விட ஓடுவான். ஓடும்போது வாசற்காலில் தோளை இடித்துக்கொள்வான். சித்தர் அவனைப் பந்தலில் உட்காரவைத்து, எதிரே விளக்கை ஏற்றி, "கண்ணை அசைக்காம இதையே பாரு" என்றார். பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தார்.

"ஐயோ! சாமியக் காணோமே!" என்று அலறினான் இனிகோ.

கூட்டத்துக்குச் சித்தர் நன்றாகத் தெரிந்தார். முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"பக்குவப்பட்டவன் கண்ணுலேருந்துதான் மறைவேன். நீங்கல்லாம் இன்னும் பக்குவப்படல" என்றார்.

அவ்வளவுதான். சித்தர் விற்ற பக்குவக் கயிறு வாங்க வரிசை நின்றது. பலசரக்குக் கடை சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி முழங்கைவரை கயிறு கட்டிக்கொண்டு அழுதார். "எனக்கு மட்டும் பளிச்சுன்னு தெரியுதாரே! என்ன பாவம் பண்ணுனேனோ!" சாமியார் கண்ணுக்குத் தெரிகிறாரே என்று அழுத கூட்டத்தை உலகம் அன்றுதான் கண்டது.

பிலோமிக்கு அழக்கூட நேரமில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி அவளிடம் சொல்லியிருந்தார்: "மூளைக்கு அடியில, கண் நரம்பு ரெண்டும் சேருற எடத்துல கட்டி இருக்கும்மா. சுண்ணாம்பு படிஞ்சு வெள்ளையாத் தெரியுது பாரு. அது அமுக்குறதாலதான் ரெண்டு பக்கமும் பார்வை போகுது. தாகமும் அதாலதான். மதராஸ்ல மண்டையத் திறந்து எடுக்கணும். உயிருக்கு உறுதி சொல்ல முடியாது. ஆனா விட்டா முழுக்கண்ணும் போயிரும்."

இனிகோ மசியவில்லை. "ஏளா, சாமியே எனக்கு மறையுதாரு. மண்டையத் திறந்தா வரம் பறந்துரும்னு சொல்லுதாரு."

கண் போவதை வரம் என்று நம்பும் மனுஷனை என்ன செய்வது? பிலோமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பிடும்போது இவனுக்கு எதிரே இருக்கும் தட்டு தெரிகிறது, பக்கத்திலிருக்கும் சொம்பு தெரியவில்லை. அப்படியானால் சொம்பும் சித்தரா? நேரே உப்பளத்துக்குப் போனாள். மூட்டை சுமக்கும் கழுதை ஒன்றை ஓட்டிக்கொண்டு பந்தலுக்கு வந்தாள்.

மறுபடி விளக்கு. இனிகோ அதையே பார்த்தான். சித்தர் வழக்கமாக மறையும் இடத்தில் பிலோமி கழுதையை நிறுத்தினாள்.

"பக்கத்துல யாரு?" என்று அவனைக் கேட்டாள்.

"யாருமில்ல. சாமி மறைஞ்சிட்டாரு."

கழுதை கத்தியது. இனிகோ துள்ளித் திரும்பினான்.

"இந்தக் கழுதையும் மறைஞ்சுதே. இதுவும் சித்தரா?" என்றாள் பிலோமி.

சித்தர் அசரவில்லை. "கழுதைக்கும் பக்குவம் வந்துட்டு!"

அண்ணாச்சி சட்டென்று கழுதையின் காலில் விழுந்தார். கழுதைக்குக் கொஞ்சம் விவரம் இருந்தது, நகர்ந்துகொண்டது.

"பக்கத்துல வேண்டாம். அவரு மூஞ்சிக்கு நேரா நின்னு மறையும், பாப்போம்" என்றாள் பிலோமி.

சித்தர் முன்னால் வந்தார். கண்ணை மூடினார். மூச்சை அடக்கினார். முக்கிப் பார்த்தார்.

"தெரியுதாரா?"

"தெரியுதாரு. மூக்குப்பொடி ஒட்டியிருக்கது கூடத் தெரியுது." சொல்லும்போதே இனிகோவின் குரல் உடைந்தது. "அப்போ என் கண்ணுதான் போகுதா, பிலோமி?"

"ஆமா. வாங்க, மதராஸுக்குப் போவோம்."

கூட்டம் சித்தர் பக்கம் திரும்பியது. அன்றுதான் அவர் நிஜமாகவே மறைந்தார், எல்லோர் கண்ணிலிருந்தும். ஓட்டப்பிடாரம் வண்டியில் ஏறியதாகக் கேள்வி.

மதராஸில் மண்டையைத் திறந்தார்கள். எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். நரம்போடு ஒட்டிக்கிடந்ததை விட்டுவிட்டார்கள். இனிகோ மொட்டைத் தலையும் தையலுமாக ஊர் திரும்பினான். தாகம் விடவில்லை, கையில் சொம்பு. ரயிலடிக்கு வெளியே வந்ததும், நேரே பார்த்தபடியே கேட்டான்:

"ஏளா, அங்கன பக்கத்துல என்ன கூட்டம்?"

பக்கம் தெரிகிறது! பிலோமிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் பார்த்தாள். மாலை போட்ட அதே உப்பளத்துக் கழுதை. அதன் முன்னால் நீண்ட வரிசை. முதல் ஆளாக, முழங்கைவரை கயிற்றோடு, அண்ணாச்சி.

இனிகோவின் மண்டையைத் திறக்க மதராஸ் வரை போக வேண்டியிருந்தது. இவர்கள் தங்கள் மண்டையை நின்ற இடத்திலேயே திறந்துகொள்ளலாம். கத்தி வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம். பிலோமி கேட்டதுபோல ஒரு கேள்வி போதும். கேட்க மனசு வரவேண்டுமே!