ரவுட்டர் மேல் ஆறு பேரின் எச்சில்

கொழும்பு வெள்ளவத்தையில் நகை சேர்த்தவர்களைத் தெரியும், காணி சேர்த்தவர்களைத் தெரியும். எச்சில் சேர்த்த ஒரே மனிதர் எங்கள் துப்பு அண்ணைதான். பல் ஆய்வுகூடம் ஒன்றில் அவருக்கு வேலை. கடற்கரைப் பக்க ஒழுங்கையில், பரிமளம் அக்கா வீட்டு மாடியில் அறை எடுத்திருந்த ஆறு பேரில் அவரும் ஒருவர், நானும் ஒருவன்.

காலையில் நான் பல் விளக்கிவிட்டு ஒரு வாய் தண்ணீர் எடுத்தால் போதும், குளியலறைக் கதவு அதிரும்.

"தம்பி, கொப்பளியாதையும்! துப்பிப்போட்டு வாரும்! பற்பசையிலை இருக்கிற ஃபுளோரைட் எல்லாம் கழுவுப்பட்டுப் போயிடும்!"

"அண்ணை, வாயெல்லாம் நுரை!"

"நுரையோடை வேலைக்குப் போய் ஒருத்தனும் சாகேல்லை!"

கிருமி பல்லைத் தின்கிறது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். கிருமி தின்பது சீனியை. அது வெளியே விடுகிற அமிலம்தான் பல்லை அரிக்கிறது என்று திருத்துவார். அப்படியென்றால் ஃபுளோரைட் என்ன செய்யும் என்று கேட்டவர் தொலைந்தார்.

"நெரிசல் நேரம் காலி வீதியிலை ஒரு பஸ் பிரேக்டவுண் ஆனா என்ன நடக்கும்? பின்னாலை வாறது எல்லாம் நிக்கும். கிருமிக்குள்ளை சீனியை உடைக்கிற வரிசையிலை எனோலேஸ் எண்டொரு நொதியம் இருக்கு. ஃபுளோரைட் அதை மறிச்சுப் போடும். பிறகு எங்கையிருந்து அமிலம் வாறது?"

இதையே திரீவீல்காரர்களுக்குச் சிங்களத்திலும் விளக்குவார். அவர் இறங்கும்வரை அவர்கள் வாயே திறப்பதில்லை.

வினை ரவுட்டரால் வந்தது. எங்கள் ஆறு பேரின் எச்சிலையும் சீனியோடும் ஊதாச் சாயத்தோடும் கலந்து குழாய்களில் அடைத்திருந்தார். அமிலம் ஊறினால் சாயம் மஞ்சளாகும். அதற்கு இளஞ்சூடு வேண்டும். அந்த வீட்டில் நாள் முழுக்கச் சூடாக இருந்தது கீழ்க் கூடத்திலிருந்த வைஃபை ரவுட்டர் மட்டுந்தான். குழாய்களை அதன் மேல் அடுக்கிவிட்டார். கனடாவிலிருந்து வந்திருந்த அக்காவின் மச்சாள், "திராட்சை ஜூஸோ?" என்று ஒன்றைத் திறந்து உதடுவரை கொண்டுபோய்விட்டார்.

"நாளைக்கே அறையை விட்டு வெளிக்கிடுங்கோ!" என்றார் அக்கா, அண்ணையிடம்.

கொழும்பில் அண்ணைக்கு வேறு போக்கிடம் இல்லை. முகம் செத்துப்போயிற்று.

"ஒரு நாள் தாங்கோ அக்கா. உங்கட துப்பலிலையே காட்டுறன். ஃபுளோரைட் போட்ட குழாயும் மஞ்சளானா நானே போறன்."

என்ன நினைத்தாரோ, அக்கா துப்பிக் கொடுத்தார். இரண்டு குழாய், இரண்டிலும் சீனியும் சாயமும், ஒன்றில் மட்டும் ஃபுளோரைட். அன்றிரவு இணையத்தைவிட ரவுட்டரைத்தான் நாங்கள் அதிகம் பார்த்தோம்.

மறுநாள் பின்னேரம் ஒரு குழாய் பளிச்சென்ற மஞ்சள். ஃபுளோரைட் போட்டது ஊதா மாறாமல் நின்றது. நாங்கள் கை தட்டினோம். அக்கா குனிந்து அந்த ஊதாவையே பார்த்தார்.

"இதுக்குள்ளை இருந்ததுகள் செத்துப்போச்சுதுகளோ?"

"இல்லை அக்கா, இருக்குதுகள். முன்னாலை சீனி கிடக்கு. உடைச்சுத் தின்னத்தான் ஏலாமல் கிடக்குதுகள்."

"ஐயோ, பாவம்." அக்கா நிமிர்ந்தார். "நீங்கள் நேற்றையிலயிருந்து ஏதும் சாப்பிட்டனீங்களோ?"

அக்கா புட்டும் சொதியும் எடுக்க உள்ளே போனார்.

அண்ணை இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை என்று முந்தின நாளே என் பையைக் கட்டி வைத்திருந்தேன். புட்டு மேசைக்கு வந்த பிறகுதான் மாடிக்குப் போய் அதை அவிழ்த்தேன்.