கதாநாயகனுக்கு மட்டும் விதிவிலக்கு

ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு எழுத்தாளரும் தாம் அந்த ஆண்டில் எழுதியதையும் வெளியிட்டதையும் அமைதியாக உட்கார்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நூல் நெறிமுறை அலுவலகம் ஓர் ஆணை பிறப்பித்திருந்தது. எண்ணிப் பார்த்ததை 'மீள்நோக்கு' என்ற தலைப்பில் எழுதி அனுப்பவும் வேண்டும். எண்ணிப் பார்க்காதவர்களின் புத்தகங்களை நூலகங்கள் வாங்கமாட்டா. எண்ணிப் பார்த்து வருத்தப்பட்டவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்று ஒரு பேச்சு அடிபட்டது. ஆனால் அது ஆணையில் இல்லை.

தெருவில் எல்லோரும் 'காதல் சார்' என்று அழைத்த நாவலாசிரியர் இதை மனதார வரவேற்றார். முப்பது வருடங்களாகக் காதல் நாவல் எழுதிவரும் அவரை இதுவரை யாரும் எண்ணிப் பார்க்கச் சொன்னதில்லை. சொல்லாமலேயே அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயதில், வழுக்கையைத் தடவியபடி, பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி என்ன நினைப்பாள் என்று யோசிக்கிற மனிதனுக்கு, நாம் செய்வது சரிதானா என்ற சந்தேகம் வராமல் இருக்காது. வந்தால் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பார். அப்படியும் சந்தேகம் போகாவிட்டால் ஜன்னலை மூடிவிட்டு எழுதுவார்.

மீள்நோக்கை ஒரே மூச்சில் எழுதி முடித்தார்.

"இந்த ஆண்டு ஒரு நாவல் எழுதினேன். பெயர் 'உன் பக்கத்து நாற்காலி'. அதில் பதினோரு முத்தங்கள் இருந்தன. தாள் விலை ஏறிவிட்டதால் எட்டைப் பதிப்பாளர் நீக்கிவிட்டார். மீதியில் ஒன்று நெற்றியில் இடப்பட்டது என்பதால் அதைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று எனக்கே தெரியவில்லை. நாயகி முதலில் இறப்பதாக இருந்தது. முன்பதிவு செய்தவர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க உயிர் பிழைத்தாள். யாரை ஏமாற்றுகிறேன் என்ற எண்ணம் அவ்வப்போது எழுந்தது. பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்."

அனுப்பிய வாரமே பதிப்பாளர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"சார், குடி கெட்டுது. உங்க மீள்நோக்கைத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"ஏன்? வருத்தம் போதலையா?"

"வருத்தமெல்லாம் தாராளமா இருக்காம். அனுபவம்தான் இல்லையாம். இப்ப அனுபவ எழுத்துதான் சார் ஃபேஷன். பட்டதை எழுதணும். படாததை எழுதினா ஆள்மாறாட்டம்."

"காதல் கதைக்குமா?"

"எல்லாத்துக்கும்தான். நம்ம கொலைக் கதைக்காரர், பாவம், ஒரு அடிதடி கேஸாவது வாங்கிடலாம்னு கடைத்தெருவுல போறவன் வர்றவன் காலையெல்லாம் மிதிச்சுக்கிட்டுத் திரியறார். எல்லாரும் 'பரவாயில்லை சார்'னு சொல்லிட்டுப் போயிடறாங்க. பேய்க் கதைக்காரரை ஆளையே காணோம். அனுபவத்துக்குப் போயிருக்கறதா வீட்டுல சொல்றாங்க."

"நான் என்ன செய்யணும்?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். ஒரு அலுவலர் வருவார். புத்தகத்துல இருக்கற காதல் இந்த வீட்டுல இருக்கான்னு பார்ப்பார். இருந்தா, ஊர்ல இருக்கற அத்தனை நூலகமும் வாங்கும். இல்லேன்னா, அச்சடிச்ச அத்தனையும் காகித ஆலைக்குக் கூழாப் போகும். அதுக்கப்புறம் எந்த அட்டையிலயும் உங்க பேரைப் போட முடியாது." பதிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வையுங்க."

"என்னன்னு?"

"அதையும் நானே சொல்லணுமா? காதல் எழுத்தாளர் நீங்க."

நாவலாசிரியர் அந்த வாரம் முழுக்க அந்த ஒரு வார்த்தையைத் தேடினார். கிடைக்கவில்லை. அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தார். நாள் பூராவும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து, கணவருடைய நாவலைப் படிக்க அவருக்குத் தெம்பு இருந்ததில்லை. கணவரும் படிக்கச் சொன்னதில்லை.

கடைசியில் சாப்பிடும்போது நாவலாசிரியர் சொன்னார். "ஒருத்தர் வருவார். ஏதாவது கேட்பார்."

"யாரு, கேஸ் சிலிண்டர்காரரா?"

"இல்லை. காதல் விஷயமா."

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. அன்னிக்குத்தான் நான் இஸ்திரி போட்டுக்கிட்டு ஒரே இடத்துல நிப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை அலுவலர் வந்தார். ஒல்லியான மனிதர். இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. நாவலாசிரியரின் மனைவியைப் பார்த்து, "உங்களை எங்கேயோ..." என்று ஆரம்பித்தவர், பணி நேரம் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். முதலில் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"நாவலோட பேர் 'உன் பக்கத்து நாற்காலி'. இங்கே ரெண்டு நாற்காலியும் எதிரெதிரா இருக்கே?"

"டிவி அங்கே இருக்கு சார்" என்றார் நாவலாசிரியர்.

அலுவலர் குறித்துக்கொண்டார். பிறகு புத்தகத்தை விரித்தார். அதில் அடையாளத்துக்கு ஏராளமான துண்டுத் தாள்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"அம்மா, அறுபத்திரண்டாம் பக்கம். நாயகிக்கு ஜுரம். நாயகன் அவ நெத்தியில கை வெச்சு, 'உனக்குச் சுட்டால் என் உலகமே கொதிக்கிறது'ங்கறான். உங்க வீட்டுக்காரர் இப்படிச் சொன்னதுண்டா?"

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "எனக்கு ஜுரம் வந்தப்ப, மாத்திரை எங்கே இருக்குன்னு கேட்டார்."

"உங்களுக்குக் கொடுக்கவா?"

"எனக்குக் கொடுக்கத்தான். நான் எழுந்துபோய் எடுத்துட்டு வந்து இவர்கிட்டக் கொடுத்தேன். இவர் என்கிட்டக் கொடுத்தார்."

"ஆக, கொடுத்தார்." அலுவலர் நியாயமான மனிதர். அடுத்த துண்டுத் தாளுக்குப் போனார். "எண்பதாம் பக்கம். நாயகிக்கு ஆபரேஷன். உள்ளே கொண்டுபோறாங்க. நாயகன் சொல்றான்: 'பயப்படாதே. உள்ளே நீ தனியா இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நான் நிக்கறேன். கண்ணைத் திறக்கும்போது முதல்ல என்னைத்தான் பார்ப்பே.' எங்க அலுவலகத்துல இதைப் படிச்சு ரெண்டு பேர் அழுதுட்டாங்க."

"அது நான் சொன்னது."

அலுவலர் நிமிர்ந்தார். நாவலாசிரியரும் நிமிர்ந்தார்.

"இவருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினப்ப. நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு, வாயைத் திறக்கவே மாட்டேன்னு அடம். அப்பச் சொன்னேன். நல்லா வேலை செஞ்சுது. அதுக்கப்புறம் யார் பயந்துக்கிட்டு வந்தாலும் அதையேதான் சொல்றேன்."

அலுவலரின் கை மெல்லக் கன்னத்துக்குப் போனது. "எனக்கும் சொன்னீங்க" என்றார். அது அலுவலகக் குரலாக இல்லை. "போன வாரம். சொன்ன மாதிரியே கண்ணைத் திறந்ததும் முதல்ல உங்களைத்தான் பார்த்தேன். கையில பில்லோட நின்னீங்க."

"வலி இருக்கா இன்னும்?"

"ராத்திரியில கொஞ்சம்."

"வெதுவெதுப்பா உப்புத் தண்ணி கொப்பளிங்க."

அலுவலர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மற்ற இடங்களுக்கும் போனார். "'கோபம் இருந்தா சாப்பிட்டுட்டுக் கோபப்படு'?"

"நான்."

"'நீ பேசலேன்னாலும் பரவாயில்லை, சும்மா பக்கத்துல உட்காரு'?"

"நான்தான். இவர் அப்ப நாவல் எழுதிட்டு இருந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டார்."

"இந்த 'உலகமே கொதிக்கிறது'?"

"அது இவர் சொந்தமா எழுதினது."

"தெரியுது" என்றார் அலுவலர்.

நாவலாசிரியர் இஸ்திரிப் பெட்டியிலிருந்து எழும் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திருடவில்லை. அந்த வரிகள் எழுதும்போது எங்கிருந்தோ வந்து விழுகின்றன என்றுதான் முப்பது வருடமாக நம்பியிருந்தார். நேர்காணல்களில் அப்படியே சொல்லியும் இருந்தார். எங்கிருந்தோ என்பது பக்கத்து அறை என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

அலுவலர் அங்கேயே நின்றபடி தீர்ப்பு சொன்னார். நாவலில் அனுபவம் உண்டு. அதை அவரே தம் பல்லைக் கொண்டு உறுதிசெய்ய முடியும். ஆகவே புத்தகம் கூழாகாது. ஆனால் அனுபவம் யாருடையதோ அவரே ஆசிரியர் என்பது விதி. ஆகவே இந்த நாவலின் ஆசிரியர் அம்மா.

"எழுதினது நான் சார்!" என்றார் நாவலாசிரியர்.

"எழுதறதுக்கு என்ன சார், யார் வேணும்னாலும் எழுதலாம். பட்டது யாரு?"

நாவலாசிரியர் ஜன்னலைப் பார்த்தார். அது ஏற்கெனவே திறந்திருந்ததால் எழுந்துபோக வழியில்லை.

பதிப்பாளர் மட்டும் தலைகால் புரியாமல் குதித்தார். புது அட்டை அச்சாயிற்று. அதில் மருத்துவமனை வெள்ளைக் கோட்டு அணிந்த மனைவியின் படமும், 'ஒரு பெண்ணின் உண்மை அனுபவம்' என்ற வரியும் இருந்தன. உள்பக்கத்தில், அச்சகத்தின் முகவரிக்குக் கீழே, பொடி எழுத்தில் 'தட்டச்சு: கணவர்' என்று போட்டிருந்தார்கள். புத்தகம் பறந்தது. தெருவில் அவரை இப்போது 'காதல் மேடம் வீட்டுக்காரர்' என்றார்கள். பல் வலி இல்லாதவர்கள்கூட மருத்துவமனைக்கு வந்து, கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொல்லிக் கேட்டார்கள்.

ஆண்டின் கடைசி வாரத்தில் பொது மீள்நோக்குக் கூட்டம் நடந்தது. மேடையில் அலுவலகத்தின் உயர்மட்டக் குழு வீற்றிருந்தது. ஏழு பேர். ஏழு பேரும் ஆண்கள், ஏழு பேரும் மணமானவர்கள். முன்வரிசையில் அவர்களுடைய மனைவிமார். கடைசி வரிசையில் நாவலாசிரியர்.

முதலில் கொலைக் கதைக்காரர் தலையில் கட்டோடு வந்து ஆனந்தக் கண்ணீர் வடித்தார். அவர் புத்தகத்தைப் படித்த ஒருவரே அடித்துவிட்டாராம். அடுத்து நாவலாசிரியரின் மனைவியை அழைத்தார்கள்.

"இந்த வருஷம் எழுத்து, பதிப்பு ரெண்டும் உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"எழுத்துல கஷ்டமே இல்லைங்க, நான் எழுதலை. பதிப்புதான்... இருபத்தேழு வருஷமா வீட்டுல சொல்லிட்டு இருந்ததை, இந்த வருஷம் அச்சடிச்சப்புறம் நாலு பேர் காது கொடுத்துக் கேட்டாங்க. அது நல்லா இருந்தது."

கை தட்டல் ஓயவில்லை. நாவலாசிரியரும் தட்டினார். நாம் தட்டலாமா என்று சந்தேகம் வந்து பாதியில் நிறுத்தினார்.

"கதாநாயகன், உங்க கணவர்தானே?" தலைவர் சம்பிரதாயமாகச் சிரித்தார்.

மேடையிலிருந்து மனைவியின் கண் கடைசி வரிசையைத் தேடிப் பிடித்தது. நாவலாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"இல்லைங்க. கதாநாயகன் முழுக்க முழுக்கக் கற்பனை."

கன்னம் வீங்கியிருந்த அலுவலர், இப்போது வீக்கம் வடிந்தவர், வேதனையோடு எழுந்தார். கற்பனை அனுமதிக்கப்பட்டதல்ல. அதுவும் கதாநாயகனே கற்பனை என்றால் புத்தகம் கூழாகத்தான் வேண்டும். இல்லையென்றால் அப்படி ஓர் ஆண்மகனை நேரில் காட்ட வேண்டும்.

"இந்த அம்மா வீட்டுலதான் இருக்கணும்னு இல்லை" என்றார் தலைவர் பெருந்தன்மையாக. "ஊர்ல எந்த வீட்டுல இருந்தாலும் போதும். மனைவி சொல்றதைக் கேட்டு, பக்கத்துல உட்கார்ந்து, ஜுரம் வந்தா மாத்திரையைத் தானே தேடி எடுக்கற ஒருத்தர். நம்ம சபையிலேயே யாராவது..."

ஒரு மூலையில் பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆண்கள் அத்தனை பேரும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள். முன்வரிசையில் தலைவரின் மனைவி கைகளைக் கட்டிக்கொண்டு, பதிலைத் தெரிந்துகொள்ளும் உண்மையான ஆவலோடு தலைவரையே பார்த்தார்.

குழு அவசரமாக உள்ளே போயிற்று. போன வேகத்தில் தீர்மானத்தோடு திரும்பிற்று. "பொதுநலனையும் குடும்ப அமைதியையும் கருதி, காதல் நாவல்களில் வரும் கதாநாயகர்களுக்கு மட்டும் அனுபவ விதியிலிருந்து நிரந்தர விலக்கு அளிக்கப்படுகிறது. ஏகமனதாக." இந்த முறை ஆண்கள் பக்கத்தில்தான் கை தட்டல் அதிகம்.

இருவரும் நடந்தே வீடு திரும்பினார்கள். கடைகள் இன்னும் திறந்திருந்தன. பாதி வழியில் நாவலாசிரியர் கேட்டார்.

"கதாநாயகன் கற்பனைன்னா, அது என் கற்பனைதானே?"

"பின்னே? பதிப்பாளர்கிட்டச் சொல்லிட்டேன். அடுத்த பதிப்புல 'தட்டச்சு'க்குக் கீழே அதையும் சேர்த்துப் போடுவார்."

"அவ்வளவு பெரிய புத்தகத்துல நான் எங்கேயுமே இல்லையா?"

"யார் சொன்னது?" என்றார் மனைவி. "பேர் என்னோடதாச்சேன்னு போன வாரம்தான் படிச்சேன். முதல் ரெண்டு அத்தியாயத்துல ஒருத்தன் வர்றானே. அவ பேசப் பேச, பேப்பர்லேருந்து கண்ணை எடுக்காம 'ம்', 'ம்'னு சொல்றவன். பார்த்ததுமே நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு."

நாவலாசிரியர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். "அவன் வில்லன்! படிக்கறவங்க எல்லாரும் அவனை வெறுக்கணும்னு மூணு தடவை திருத்தி எழுதினேன்."

"வில்லனா?" மனைவியும் நின்றார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "எனக்கு அப்படித் தோணவே இல்லையே. ஏதோ ஒரு வீட்டுல இருக்கற சாதாரண மனுஷன்னுதான் நினைச்சேன். மருத்துவமனையிலயும் எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. அவன் ஏன் ரெண்டு அத்தியாயத்தோட போயிட்டான்னுதான் எங்களுக்குப் புரியலை."

நாவலாசிரியருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. முப்பது வருடப் பயிற்சி இருந்தது, வார்த்தைகள் இருந்தன, கேட்க ஆள் பக்கத்திலேயே நின்றிருந்தார். அத்தனையும் நெஞ்சு வரைக்கும் வந்து முட்டின. வாயைத் திறந்தார்.

"ம்" என்றார்.